பின் கேமராவின் வலது பக்கம்

காரில் கேமரா வைக்கச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் கணவருக்கு அதில் விருப்பம் இல்லை. "பழைய காருக்கு எதுக்கு இந்தப் பவுசு" என்றார். ஆனால் பாளையம்பட்டி முக்கில் ஒருவர் ஸ்கூட்டரோடு வந்து என் கதவில் உரசிவிட்டு, "பொம்பள ஓட்டுனா இப்பிடித்தான்" என்று கூட்டத்தைச் சேர்த்த நாளிலிருந்து எனக்கு வண்டி எடுக்கவே பயமாகிவிட்டது. அன்று நான் செய்தது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. பிரேக்கை முன்னாலேயே அழுத்தியிருக்கலாமோ, அவருக்கு வழி விட்டிருக்கலாமோ என்று ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன். எனக்காகச் சாட்சி சொல்ல ஏதாவது ஒன்று காரில் இருந்தால் நல்லது என்று தோன்றியது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கேமராவும் சேர்ந்து இருப்பதிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கினோம்.

முன் கேமரா பெரிய கண்ணாடியில் ஒட்டியது. பின் கேமரா கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதன் வயரைக் கூரைத் துணிக்குள் செருகிப் பின் கண்ணாடி வரை கொண்டுபோய் ஒட்டினார்கள். பங்குனி வெயிலில் பிசின் இளகி இரண்டு தடவை கழன்று விழுந்தது. மூன்று மூன்று நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்யும். மெமரி அட்டை நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டு மேலே புதியதைப் பதியும். வண்டி எதிலாவது இடித்தால் மட்டும் அந்தத் துண்டை அழிக்காமல் பூட்டி வைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் போனில் பார்க்கலாம். முன் படம் ஓரளவு தெளிவு. பின் படம் புழுதி பிடித்த மாதிரிதான் இருக்கும். ஆள் தெரியும், முகம் தெரியாது.

எங்கள் வீடு அருப்புக்கோட்டையில். திருச்சுழிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். மகளுக்கு அப்போது மூன்றரை வயது. அதே பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்திருந்தேன். காலையில் அவளைப் பின் இருக்கையில் உட்கார வைத்து வாரை மாட்டிவிட்டு, பரளச்சி போகும் திசையில் கொஞ்ச தூரம் போய், என் கணவரின் சொந்த ஊர் வழியாகக் குறுக்கே போவேன். அந்த ஊரில் என் மாமனாரின் தம்பி குடும்பம் இருக்கிறது. தம்பி மனைவியை நான் சின்னத்தை என்று கூப்பிடுவேன். அவர்களுக்கு ரோட்டை ஒட்டி மானாவாரிக் காடு. மழையை நம்பி உளுந்தும் பாசிப்பயறும் போடுவார்கள்.

தை பிறந்துவிட்டால் அந்த ரோடு ரோடாக இருக்காது, களமாகிவிடும். பிடுங்கிய உளுந்துச் செடியைக் காய்ந்ததும் தார் ரோட்டில் அகலத்துக்குப் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ், லாரி, டிராக்டர் எல்லாம் மேலே ஏறிப் போகப் போக நெற்று உடைந்து பயறு உதிரும். ரோட்டின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் கவைக்கம்போடு நின்று, நாலு வண்டி போனதும் செடியைப் புரட்டிப் போடுவார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ரோட்டில் போகிறவன் மிதித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். மகளுக்கு அது பிடித்த இடம். காருக்கு அடியில் செடி நொறுங்கும் சத்தத்துக்குச் 'சரசர' என்று பெயர் வைத்திருந்தாள். "அம்மா, சரசர வரப்போகுது" என்று முந்தின திருப்பத்திலேயே தயாராகிவிடுவாள்.

அப்போதுதான் எங்கோ ஒரு கார் தீப்பிடித்ததைப் போனில் பார்த்தேன். காய்ந்த செடி அடியில் சுற்றிக்கொண்டு, சைலென்சர் சூட்டில் பற்றிக்கொண்டதாம். உண்மையோ பொய்யோ தெரியாது. ஆனால் பார்த்துவிட்டேன். பின்னால் வாரில் கட்டிப் போட்ட குழந்தை. அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. அடுத்த நாளிலிருந்து செடி பரப்பிய இடம் வந்தால் இடப்பக்கம் மண்ணில் இறங்கி, ஓரமாக மெதுவாகப் போய், மறுபடி ரோட்டில் ஏறிக்கொண்டேன். மகள் சரசர எங்கே என்று அழுதாள்.

இது இரண்டு பேருக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் சின்னத்தை. ரோட்டின் வலப்பக்கம் நிற்பது அவர்தான். இன்னொருவர் அவர்களிடம் கூலிக்கு வரும் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், இடப்பக்கம் நிற்பவர். நான் மண்ணில் இறங்கினால் அந்தப் பெண்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். உதிர்ந்த பயறைக் கூட்டி ஓரத்தில் குவித்திருப்பார். ஒரு நாள் என் சக்கரம் குவியலின் ஓரத்தைக் கலைத்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"டீச்சர், கொஞ்சம் மேல ஏத்திட்டுப் போங்க. மிதிச்சா காசா கேக்கப்போறோம்? ஒங்க காருக்குக் காலு வலிக்குதா?"

நானும் சிரித்தேன். வீட்டில் வந்து என் மாமியாரிடம் அதைச் சொன்னேன். ஏன் சொன்னேன்? பேச்சுவாக்கில் சொன்னேன். கூலிக்கு வருகிறவர் என்னைக் கேலி செய்துவிட்டார் என்ற சிறு எரிச்சல் அதில் இருந்ததா என்று இப்போது யோசித்தால், இருந்தது.

சின்னத்தை என்னிடம் எதுவும் சொல்லவில்லை. என் மாமியாருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். "ஊரு வண்டியெல்லாம் ஏறுது. ஒம் மருமக மட்டும் எங்க பயித்துல காலு வைக்க மாட்டாகளாம். தீட்டா?"

அது ஒரு வியாழக்கிழமை. செடி பரப்பியிருந்தது. நான் வழக்கம் போல மண்ணில் இறங்கினேன். இடப்பக்கம் அந்தப் பெண் இரண்டடி பின்னால் தள்ளி நின்றார். வலப்பக்கம் சின்னத்தை. இருவரும் சேலைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாக. காட்டு வேலைக்கு நிலக்காரிக்கும் கூலிக்காரிக்கும் ஒரே உடைதான். கடந்து ரோட்டில் ஏறினேன். உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடியில் ஒரு கை உயர்ந்ததைப் பார்த்த மாதிரி இருந்தது. உடனே பின் கண்ணாடி மொத்தமும் உடைந்து கொட்டியது.

உடைந்த கண்ணாடி கல்கண்டு மாதிரிச் சின்னச் சின்னத் துண்டாக இருக்கும், அதனால் பெரிதாக வெட்டாது என்று பிறகு சொன்னார்கள். வெட்டியது கல். இருக்கையில் விழுந்து கிடந்தது, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. சரசரவை விட்டுப் போகிறோமே என்று மகள் பின்னால் திரும்பிப் பார்த்திருக்கிறாள். வலது புருவத்துக்கு மேலே கிழிந்திருந்தது. ரோட்டில் நின்றவர்களை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யார், எவர் என்று பார்க்காமல் அருப்புக்கோட்டைக்குக் காரைத் திருப்பினேன். வேறு வழியில் போனேனா, அதே செடியின் மேல் ஏறித்தான் வந்தேனா என்று வெகு நாள் ஞாபகம் இல்லை. கேமராதான் சொன்னது. மேலே ஏறித்தான் வந்திருக்கிறேன். முன் கேமராப் படத்தில் அந்தப் பெண் கையை ஆட்டிக்கொண்டு காரை நோக்கி ஓடி வருகிறார். நான் நிறுத்தவில்லை.

நாலு தையல். கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் மில்லிலிருந்து வந்த என் கணவர், மகளைப் பார்த்துவிட்டு நேரே காருக்குப் போனார். பின் கேமரா வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தத் துண்டு பூட்டிக்கொண்டு பத்திரமாக இருந்தது. வீட்டில் எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். பின் படத்தில் புழுதிக்கு நடுவில் இரண்டு உருவங்கள். வலப்பக்க உருவம் குனிகிறது, நிமிர்கிறது, இடது கையை வீசுகிறது. அப்புறம் படம் வெள்ளையாகிறது. அப்புறம் சத்தம். கேமராவில் மைக் உண்டு. முதலில் கண்ணாடி கொட்டும் சத்தம், பிறகு என் குரல், பிறகு மகள்.

"வலப்பக்கம்" என்றேன். "எனக்கும் கண்ணாடியில அப்பிடித்தான் தெரிஞ்சது. வலப்பக்கம் சின்னத்தைல்ல நின்னாக."

என் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "என்னத்தா பேசுற?"

என் கணவர்தான் யோசித்துச் சொன்னார். "இரு இரு. கண்ணாடி வேற, கேமரா வேற. கண்ணாடியில வலது வலதாவே தெரியும். கேமரா திரும்பி நின்னு பாக்குது. நீயே பின்னால திரும்பி நின்னா, காருக்கு எடப்பக்கம் இருக்குறது ஒன் வலக்கைப் பக்கந்தான வரும்? அப்ப எறிஞ்சது எடப்பக்கம் நின்னவ. கூலிக்காரி."

"இல்லங்க, கண்ணாடியில..."

"வீடியோவப் பாத்துட்டு ஒனக்கு அப்பிடித் தோணுது. கண்ணாடியில பாத்தியா, வீடியோவுல பாத்தியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

நல்லா யோசிச்சுச் சொல்லு என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், எனக்கு எதுவும் நிச்சயமாக இருக்காது. ஒரு தாள் எடுத்தேன். ஒரு செவ்வகம் போட்டேன், அதுதான் கார். அம்புக்குறி போட்டேன். இடது புள்ளி, வலது புள்ளி. பின்னாலிருந்து இரண்டு கோடு இழுத்தேன். அவர் சொன்னது சரி. கணக்கு சரியாக வந்தது. சரியாக வந்த கணக்கை மறுக்க எனக்குத் தெரியாது. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. சொந்தக்காரர் இல்லை என்று வந்துவிட்டதல்லவா.

"அன்னைக்கே அவ நக்கலடிச்சான்னு இவ சொன்னாள்ல" என்றார் மாமியார். "காருக்குக் காலு வலிக்குதான்னு கேட்டவதான அவ."

போலீஸுக்குப் போக வேண்டாம், ஊருக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர்ச் சாவடி. அதற்குள் அந்த வீடியோ ஊரில் எல்லோர் போனுக்கும் போய்விட்டது. என் கணவர் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருந்தார். நாங்கள் காரை விட்டு இறங்கும்போதே யாரோ ஒருவர் போனிலிருந்து என் மகள் அலறும் சத்தம் கேட்டது. மகள் அதைக் கேட்டாள். "பாப்பா அழுகுது" என்றாள். அது தன் குரல் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் சாவடிக்கு வெளியே தரையில் நின்றிருந்தார்.

"நான் எறியல. பச்சப்புள்ள இருக்குற வண்டி மேல எறிவனா? கண்ணாடி ஒடஞ்சதும் நாந்தான் ஓடியாந்தேன்."

"ஓடியாந்தியா, எறிஞ்சிட்டுப் பாக்க வந்தியா?" என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

"அதுல எறியிறவக எடது கையில எறியிறாக. எனக்கு எடது கை வராது. கம்பு புடிக்கிறது, அருவா புடிக்கிறது எல்லாம் இந்தக் கையிதான். கூட வேல பாத்தவகளக் கேளுங்க."

கூட வேலை பார்த்தவர் சின்னத்தைதான். அவர் ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"நான் அந்தப் பக்கம் குனிஞ்சு பயறு அள்ளிக்கிட்டு இருந்தேன்" என்றார் சின்னத்தை. "எவ எந்தக் கையில என்ன செஞ்சான்னு நான் எதைக் கண்டேன்?"

"கல்லெறிய எந்தக் கையா இருந்தா என்ன? சோத்துக் கை கேக்குதாக்கும்" என்றது இன்னொரு குரல். மறுபடி சிரிப்பு.

அந்த இடது கையை நான் கவனித்தேன். ஏதோ இடித்தது. ஒரு கணக்கில் விடை வந்த பிறகும் ஒரு எண் மிச்சம் நிற்பது போல. ஆனால் அந்த நேரத்தில் ஊர்ப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, நீங்க வெவரமா சொல்லுங்க. படிச்சவுக. இந்த வலது எடது ஒண்ணும் எங்களுக்கு வெளங்கல."

நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் மறுபடி வரைந்தேன். வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன். செவ்வகம், அம்புக்குறி, இரண்டு புள்ளி. "முன் படத்துல எடப்பக்கம் இருக்குறவுக, பின் படத்துல வலப்பக்கம் வருவாக" என்றேன். சொல்லும்போது கூட்டம் அமைதியாக இருந்தது. ஒருவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் என்னைப் பாராட்டியதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் குழந்தையின் காலில் விழ வேண்டும் என்று முடிவானது. மகளைச் சாவடிப் படியில் நிறுத்தினார்கள். நெற்றியில் கட்டு, கையில் பாதி தின்ற பிஸ்கட். அந்தப் பெண் உடனே விழவில்லை. நின்றார். அப்போது தூணிலிருந்து வந்த சின்னத்தை அவர் பிடரியில் கைவைத்து அமுக்கினார். "விழுடி. சின்னப் புள்ளதான, விழுந்தா என்ன கொறஞ்சா போவ?"

விழுந்தார். நெடுஞ்சாண் கிடையாக, முகம் படியில் படும்படி. வீட்டில் அப்பா குப்புறப் படுத்தால் மகள் அவர் முதுகில் கால் வைத்து ஏறி யானை விளையாடுவாள். அவள் அதுதான் என்று நினைத்தாள். ஒரு காலை எடுத்து அந்தப் பெண்ணின் தலைமுடி மேல் வைத்து, "யான, எந்திரி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் போய் மகளைத் தூக்கியிருக்க வேண்டும். எனக்கும் படிக்கும் இடையில் மூன்றடி இருக்கும். கட்டு அவிழ்ந்துவிடுமோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இது எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. ரோட்டில் இடப்பக்கம் வேறு ஒருவர் கம்போடு நின்றார். நான் இப்போது செடியின் மேலேயே ஏறிப் போனேன். பயமாகத்தான் இருந்தது. மகளிடம் "சரசர வந்துருச்சு" என்றேன். அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு இருக்கையில் குனிந்தாள்.

பங்குனி கடைசியில் பள்ளி முடிந்து வரும்போது, டவுன் பஸ் ஒன்று பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி வந்தது. நான் வழி விடவில்லையா, விட இடம் இருந்ததா என்று வீட்டுக்கு வந்தும் உறுத்தியது. புதுக் கண்ணாடியில் பழைய கேமராவைத்தான் மறுபடி ஒட்டியிருந்தோம். காரில் உட்கார்ந்தபடியே போனில் பின் படத்தை ஓடவிட்டேன். பஸ் வந்தது. நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதிய பலகை. அதை என்னால் படிக்க முடியவில்லை.

முதலில் கண்தான் சரியில்லை என்று நினைத்தேன். நிறுத்திப் பெரிதாக்கினேன். எழுத்துகள் தெளிவாகத்தான் இருந்தன. ஆனால் எல்லாம் புறம் திரும்பி நின்றன. ஆம்புலன்ஸ் நெற்றியில் இடவலம் மாற்றி எழுதியிருப்பார்களே, அது மாதிரி. கொம்பெல்லாம் எழுத்துக்கு வலப்பக்கம் இருந்தது. நம்பர் பிளேட்டும் அப்படியே.

கேமராவின் செட்டிங்ஸுக்குள் போய்த் தேடினேன். அந்தப் பக்கத்தை நாங்கள் யாரும் திறந்ததே இல்லை. பின் கேமராவைக் கண்ணாடி போலக் காட்டுவதற்கு ஒரு சின்னக் கட்டம், அதில் டிக் போட்டே கடையிலிருந்து வந்திருக்கிறது. விரலால் தொட்டு எடுத்தேன். காரை வாசலிலிருந்து தெருவுக்கு எடுத்துப் போய், எதிர் மளிகைக் கடைப் பலகைக்கு முதுகு காட்டி நிறுத்திப் பதிவு செய்து பார்த்தேன். எழுத்து நேராக இருந்தது.

அப்படியென்றால் இத்தனை நாளும் அந்தக் கேமரா பக்கத்தை மாற்றாமல்தான் காட்டியிருக்கிறது. வலது வலதுதான், சின்னத்தை நின்ற பக்கம். இடது கை இடது கை இல்லை, வலது கை. நான் கண்ணாடியில் பார்த்ததும் வீடியோவில் பார்த்ததும் ஒன்றுதான். அந்தக் காட்டு ரோட்டில் ஒரு எழுத்து இருந்திருந்தால், ஒரு மைல்கல், ஒரு விளம்பரச் சுவர் இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கருவேலமரத்துக்கு இடம் வலம் கிடையாது. ஆனால் மைல்கல்லைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. இடது கை வராது என்று அந்தப் பெண் சொன்ன இடத்திலேயே கணக்கு டீச்சருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் என் கணவரோடு காரில் போகும்போது போனைக் காட்டிச் சொன்னேன். அவர் வண்டியை ஓரங்கட்டினார். முதலில் கேமராவின் மைக்கை அணைத்தார். அப்புறம் பஸ் பலகையை இரண்டு தடவை பார்த்தார்.

"யார்ட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல. இப்பத்தான் ஒங்ககிட்ட."

"சொல்லாத." வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "படம் போட்டது நீதான" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னார். முதலில் யோசித்துச் சொன்னது அவர் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

மாமியாருக்கு அவரே சொன்னார் போல. இரவுச் சாப்பாட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே மாமியார் பேசினார். "சின்னவ எறிஞ்சான்னு தெரிஞ்சா ஊரு நம்மளத்தான் காறித் துப்பும். நம்ம புள்ளைய நம்மளே அடிச்சுக்கிட்டோம்னு ஆகும். அந்தப் பொம்பள விழுந்தா, எந்திரிச்சா, போயிட்டா. அவ என்ன செத்தா போனா? புள்ளைக்கு ஒரு கண்டம், அது போச்சு. விடுவியா."

நான் விடத்தான் பார்த்தேன். சித்திரையில் சின்னத்தை வீட்டுக்கு வந்தார். ஒரு துணிப்பையில் உளுந்து. "புள்ளைக்குக் கஞ்சி வச்சுக் குடு. எலும்பு கெட்டிப்படும்" என்றார். மகளை மடியில் வைத்துத் தழும்பைத் தடவினார். அவர் வலது கையால்தான் தடவினார். நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார்.

"சின்னத்தை, அந்தக் கல்லு..."

"நீ அன்னைக்குச் சுத்திப் போகாம எல்லாரு மாதிரியும் மேல ஏத்திப் போயிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?" என்றார். குரல் உயரவே இல்லை. "வருசத்துக்கு ஒரு தடவ பாக்குற வெள்ளாம. ஊரே பாக்க ஓரமா ஒதுங்கிப் போற. புள்ள பின்னால இருக்குறது எனக்குத் தெரியுமா, கண்ணாடியில கருப்பு ஒட்டி வச்சிருக்கீக."

அவ்வளவுதான் பேச்சு. பையை வாங்கி உள்ளே வைத்தேன். அந்த உளுந்தில் கஞ்சியும் வைத்தேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மற்ற நாள் அவர் இருப்பதில்லை. விடிவதற்கு முன்னால் ஊர் முக்குக்கு வரும் வேனில் ஏறிப் பட்டாசு ஆபீஸுக்குப் போகிறார் என்று அந்த ஊர்க்காரரான பள்ளி ஆயா சொல்லியிருந்தார். உள்ளூரில் வேலை இல்லை என்றால் அந்த வேன்தான். அங்கே என்ன வேலை என்று ஆயாவிடம் கேட்டதற்கு, "மருந்து ரூமுலயாம்" என்றார். வெடிமருந்து கலக்கும் அறை.

வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். கையில் முழங்கை வரை பட்டாசு மருந்தின் வெள்ளிப்பூச்சு. தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. காரைப் பார்த்தார்.

"கேமரா ஓடுதா?"

"வண்டிய நிறுத்துனா ஓடாது."

"எதுக்கும் கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க."

வேலிப்பக்கம் நின்று சொன்னேன். கட்டம், டிக், பஸ் பலகை, எல்லாம். நான் எதிர்பார்த்தது என்ன என்று தெரியவில்லை. அவர் அழுவார் என்று நினைத்திருப்பேன்.

"எறிஞ்சது யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "எதுத்தாப்புலதான நின்னேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நான் எறியலன்னு சொன்னேன். யாரு எறிஞ்சான்னு ஒருத்தராவது கேட்டாகளா? கேட்டிருந்தாலும் சொல்லிட்டு இந்த ஊருல இருக்க முடியுமா? நீங்க படம் போட்டீகளே, அப்பத்தான் டீச்சர் எனக்கே ஒரு நிமிசம் சந்தேகம் வந்துருச்சு, நாந்தான் எறிஞ்சேனோன்னு."

சாம்பலை எடுத்து முழங்கையில் தேய்த்தார்.

"எம்மகளுக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடத்துல போன்ல காட்டிருக்காக. ஏம்மா பாப்பா மேல எறிஞ்சன்னு கேக்குது. இல்லத்தான்னா, வீடியோவுல இருக்கேங்குது. அதுக்கு என்ன சொல்லட்டும்?"

"நான் என்ன செய்யணும்?"

கேட்டிருக்கக் கூடாது. அவருக்கு விடை தயாராக இருந்தது. "ஒண்ணும் வேணாம். அன்னைக்குச் சாவடியில தாளு வச்சுப் படம் போட்டுக் காமிச்சீகள்ல? அதே எடத்துல, அதே மாதிரி, இன்னொரு தடவ போட்டுக் காமிங்க. எங்கிட்ட சொன்னத அங்க சொல்லுங்க. சின்னம்மா பேரு கூடச் சொல்ல வேணாம். நான் இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

"வாரேன்" என்றேன்.

"என்னைக்கு?"

"வர்ற ஞாயித்துக்கெழம."

"ஞாயித்துக்கெழம எனக்கு லீவுதான்" என்றார். "மகளக் கூட்டியாந்து நிக்கிறேன்."

அந்த ஞாயிறு மகளுக்குச் சளி. அடுத்த ஞாயிறு என் கணவரின் பக்கத்தில் ஒரு காதுகுத்து. சாவடியில் நான் போய் நின்றால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று ஒரு கணக்குப் போட்டேன். போகாவிட்டால் அந்த மருந்து ரூமில் என்ன நடக்கலாம் என்று இன்னொரு கணக்குப் போட்டேன். இரண்டுக்கும் விடை தெரிந்தது. போகவில்லை. முதல் ஞாயிறு தாயும் மகளும் பொழுது உச்சிக்கு வரும்வரை சாவடிக்கு வெளியே நின்றார்கள் என்று ஆயா சொன்னார். எதற்கு நின்றார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லையாம். புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம்.

பள்ளிக்கு இப்போது நான் பெரிய ரோட்டில் சுற்றிப் போகிறேன். இருபது நிமிடம் கூடுதல். அந்த ரோட்டில் யாரும் செடி பரப்புவதில்லை. மகள் வளர்ந்துவிட்டாள், பயமும் தெளிந்துவிட்டது. இந்தத் தையில் திடீரென்று கேட்டாள்.

"அம்மா, சரசர எப்ப வரும்?"

"நாளைக்கு" என்றேன்.

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் அதையே சொன்னேன். கேமரா அதையும் மூன்று நிமிடத் துண்டாகப் பதிந்து, அட்டை நிறைந்ததும் அழித்துக்கொண்டிருக்கிறது. பின் படம் இப்போது சரியாக இருக்கிறது, எல்லா எழுத்தையும் படிக்க முடிகிறது.